கல்ச்சர் நார்மல், ரோட்டா நெகட்டிவ். அப்புறம் எங்களுக்கு வந்தது என்ன?

திங்கள்நகர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மறுநாள் சாயங்காலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வாந்தி. பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்தது, பிள்ளைகளுக்கு வாந்திதான் அதிகம். இரண்டு நாளில் அநேகம் பேர் எழுந்து நடமாடிவிட்டார்கள். சித்தப்பாவை மட்டும் டிரிப்ஸ் ஏற்ற அட்மிட் செய்ய வேண்டியதாயிற்று.

அவருக்கு மோஷன் கல்ச்சர் எடுத்தார்கள். சால்மொனெல்லா, ஷிகெல்லா எதுவும் வளரவில்லை. சித்தி பேத்திக்கு ரோட்டா வைரஸுக்கான கார்டு டெஸ்ட், நெகட்டிவ். வைடால்கூட எடுத்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. டாக்டர் ‘வைரலா இருக்கும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது வீட்டில் ஒரே சண்டை. மீன் குழம்பு என்று ஒரு கட்சி, பாயசம் என்று ஒரு கட்சி, சமையல்காரருக்குப் பாக்கியைக் கொடுக்கக் கூடாது என்று மூன்றாவது கட்சி. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றால் இத்தனை பேரைப் படுக்க வைத்தது எது? அதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் நம்ம ஊர்ப் பக்கம் உண்டா?

நிர்வாகி

மண்டபம், சமையல்காரர், ஆஸ்பத்திரி, லேப் எதன் பெயரையும் இங்கே எழுத வேண்டாம். மற்றபடி தொடருங்கள்.

எல்லைக்காரன்

கேட்டவுடனே நோரோ என்கிற வாந்தி பேதி வைரஸ் என்றுதான் தோன்றுகிறது. நமக்கு ரொம்பத் தூரத்து விஷயமும் இல்லை. 2022 ஜூனில் விழிஞ்ஞத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு உறுதி செய்தார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் ஒரு மணி நேரப் பயணம். அதற்கு முந்தின வருஷம் வயநாடு பூக்கோட்டில் கால்நடைக் கல்லூரி மாணவர்கள் 13 பேர் என்று செய்தி வந்தது, மாதிரி ஆலப்புழை வைரஸ் ஆய்வகத்துக்குப் போனது. 2023 ஜனவரியில் காக்கநாட்டில் ஒரு பள்ளிக்கூடம். கேரளத்தில் தேடுகிறார்கள், அதனால் கிடைக்கிறது. செக்போஸ்டில் வைரஸை யாரும் நிறுத்துவதில்லையே.

சாயாக்கடை

கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம்? நோரோவாக இருந்தாலும் ஓஆர்எஸ்தான், ரோட்டாவாக இருந்தாலும் ஓஆர்எஸ்தான். மருந்து கிடையாது. கஞ்சி வெள்ளம் குடி, படு, எழும்பு. இதற்குப் பல ஆயிரம் ரூபாய்க்கு டெஸ்ட் எழுதுகிறவர்களைத்தான் முதலில் டெஸ்ட் செய்ய வேண்டும்.

பெட்ரித்தட்டு

சாயாக்கடை அண்ணன் சொல்வதில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். மீதிப் பாதிக்குக் கீழே வருகிறேன். (தக்கலைக்காரி. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை. இப்போது வெளியூரில்.)

முதலில் உங்கள் ரிப்போர்ட்டுகள். மோஷன் கல்ச்சர் என்பது பாக்டீரியாவை வளர்க்கிற தட்டு. வைரஸ் அதில் வளரவே வளராது. அதிலும் நோரோ விசேஷமான பிடிவாதக்காரன். 1968இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து நார்வாக் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வந்த வாந்தி நோய்ப் பரவலிலிருந்து கிடைத்தது. 1972இல் ஆல்பர்ட் கபிக்கியான் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். ஆனால் மனிதக் குடல் செல்களில் அதை ஓரளவுக்கு வளர்த்துக் காட்ட 2016 வரை ஆயிற்று. அதுவும் குடல் திசுவிலிருந்து உருவாக்கிய குட்டிக் குடல் மாதிரிகளில். சில ரகங்களுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சரி, நோயாளிக்கு ரிப்போர்ட் கொடுக்க உதவாது.

ரோட்டா கார்டு ரோட்டாவை மட்டும்தான் தேடும். வைடால் டைபாய்டு காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை. திடீர் வாந்திக்கு அதை ஏன் எழுதினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆக மூன்று டெஸ்டும் நோரோவைத் தேடவே இல்லை. தேடாத பொருள் கிடைக்கவில்லை என்பதற்கு நெகட்டிவ் என்று பெயர் வைத்துக்கொண்டால், வீட்டில் சண்டை வரத்தான் செய்யும்.

மார்த்தாண்டம்_மைனி

பெட்ரி அக்கா, ரோட்டாவுக்குக் கார்டு இருக்கிற மாதிரி நோரோவுக்கும் ஒரு கார்டு போட்டால் என்ன? கர்ப்பத்துக்கு, கோவிடுக்கு, டெங்குவுக்கு எல்லாம் இருக்கிறதே. ஒரு சொட்டு விட்டால் இரண்டு கோடு.

பெட்ரித்தட்டு

நல்ல கேள்வி மைனி. இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அடுப்பில் எதுவும் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வாருங்கள்.

நோரோவுக்கும் கார்டு இருக்கிறது, எலைசா என்கிற லேப் டெஸ்டும் இருக்கிறது. இருந்தும் நம்ப முடிவதில்லை. இரண்டும் வைரஸின் மேலோட்டுப் புரதத்தைத்தான் பிடிக்கின்றன. ரோட்டாவில் விபி6 என்று ஒரு நடு அடுக்குப் புரதம் உண்டு. மனிதர்களுக்கு நோய் தருகிற ஏ பிரிவு ரோட்டாக்களில் அது ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். வெளியில் ஜி1, ஜி2, ஜி9 என்று எத்தனை ரகம் மாறினாலும் கார்டு விபி6ஐப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ரோட்டா கார்டை ஓரளவு நம்பலாம்.

நோரோவில் அப்படி மாறாத புரதம் எதுவும் கைக்கு எட்டும்படி இல்லை. விபி1 என்கிற ஓட்டுப் புரதத்தில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற நுனிதான் நம் எதிர்ப்புச்சக்தியின் கண்ணில் முதலில் படுவது. அதனாலேயே அந்த இடம்தான் வேகமாக மாறுகிறது. மண்டைக்காட்டுக் கொடைக் கூட்டத்தில் காணாமல்போன பையனைச் சட்டை நிறம் சொல்லித் தேடுகிறோம், அவனோ வருஷத்துக்கு ஒரு சட்டை மாற்றுகிறான். போன தலைமுறை ரகத்துக்குத் தயாரித்த கார்டு இந்தத் தலைமுறை ரகத்தில் கோடு காட்டாமல் போகலாம்.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்றால், 2019 வகைப்பாட்டின்படி நோரோவில் 10 மரபுக் குழுக்கள், அவற்றுக்குள் 49 மரபு வகைகள். மனிதர்களுக்குப் பெரும்பாலும் வருவது ஜி1, ஜி2 குழுக்கள் (மேலே சொன்ன ரோட்டா ஜி1, ஜி2 வேறு, இவை வேறு). ஜி2.4 என்கிற ஒரே வகை 1990களின் நடுவிலிருந்து உலகம் முழுக்க ஆட்டம் போட்டது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புது வேஷம் கட்டி வந்தது, 2012இல் வந்த வேஷத்துக்கு சிட்னி என்று பெயர். 2014-15 குளிர்காலத்தில் சீனா, ஜப்பான் பக்கம் ஜி2.17 எழும்பியது. அதே ஜி2.17 பத்து வருஷம் கழித்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முன்னால் வந்து நின்றது.

எலைசா வகைக் கிட்டுகளின் கண்டுபிடிக்கும் திறன் ஆய்வுக்கு ஆய்வு நாற்பது சதவீதத்துக்குக் கீழேயும் போயிருக்கிறது, எண்பதுக்குப் பக்கத்திலும் வந்திருக்கிறது. 2011இல் அமெரிக்காவில் அப்படியொரு கிட்டுக்கு அனுமதி கொடுத்தபோது, பலருக்குச் சேர்ந்து நோய் வரும்போது பல மாதிரிகளை ஒன்றாக வைத்துப் பார்க்க மட்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். தனி ஒருவருக்கு நெகட்டிவ் வந்தால் அது ஒன்றையும் சொல்லாது.

பாதி_பிஹெச்டி

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சட்டை மாற்றுவது மட்டும் இல்லை, இந்த வைரஸ் உடம்பையே பாதி மாற்றிக்கொள்ளும். சுமார் 7500 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ, அதில் மூன்று பகுதிகள். முதல் பகுதியில் பாலிமரேஸ் (ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதி) உள்ளிட்ட வேலைக்காரப் புரதங்கள், இரண்டாவதில் ஓடு, மூன்றாவதில் சின்னதாக இன்னொரு ஓட்டுப் புரதம். ஒரே ஆளின் குடலில் இரண்டு ரகம் சேர்ந்துவிட்டால், முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் நடுவில் வெட்டி ஒட்டிக்கொண்டு புதிதாக ஒன்று வெளியே வரும். அதனால்தான் இப்போது இரட்டைப் பெயர் வைக்கிறார்கள். ஜி2.4 சிட்னி பி16 என்றால் ஓடு ஜி2.4 சிட்னி, பாலிமரேஸ் பி16. ஓட்டை மட்டும் பார்த்து வகை சொன்னால் பாதி ஆளைத்தான் பார்த்திருக்கிறோம்.

சாயாக்கடை

தம்பி, கேட்டது பிஹெச்டி இல்லை. டெஸ்ட் எது என்று சொல்லுங்கள்.

பெட்ரித்தட்டு

ஆர்டி-பிசிஆர். கோவிட் புண்ணியத்தில் சாயாக்கடைக்கே தெரிந்த பெயர்.

வெட்டி ஒட்டுகிறது என்று தம்பி சொன்ன அதே சந்திப்பு இருக்கிறதே, முதல் பகுதி முடிந்து இரண்டாம் பகுதி தொடங்கும் இடம், அதுதான் நோரோவின் மரபுச் சரத்திலேயே மிகக் குறைவாக மாறும் இடம். 2003இல் ஜப்பானில் ககேயாமா குழுவினர் அந்த இடத்தைக் குறிவைத்து ப்ரைமரும் (வைரஸின் மரபுச் சரத்தில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கும் சிறு துண்டு) ப்ரோபும் (பெருகுவதை ஒளிர்ந்து காட்டும் துண்டு) வடிவமைத்தார்கள். அதற்கு முன் 1990களில் பாலிமரேஸ் பகுதியைக் குறிவைத்த ப்ரைமர்கள் இருந்தன, ஆனால் நிறைய ரகங்கள் அவற்றில் நழுவின. இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற பல நோரோ பிசிஆர்களுக்கு அந்தச் சந்திப்புதான் அடிப்படை.

அங்கேயும் எல்லா ரகத்துக்கும் ஒரே ப்ரைமர் ஒட்டாது. ஜி1க்குத் தனி ஜோடி, ஜி2க்குத் தனி ஜோடி, வேறு வேறு நிறத்தில் ஒளிரும் ப்ரோபுகள். மாறக்கூடிய எழுத்து வரும் இடத்தில் இரண்டு எழுத்தையும் கலந்து தயாரித்த ப்ரைமர். அப்படியிருந்தும் ப்ரைமரின் கடைசி முனையில் ஒரு எழுத்து பொருந்தாவிட்டால் பெருக்கமே நடக்காமல் போகலாம். ப்ரோபுக்குக் கீழே ஒரு எழுத்து மாறினால், வைரஸ் நிறைய இருந்தும் சிடி மதிப்பு (எத்தனையாவது பெருக்கச் சுற்றில் வைரஸ் தெரிந்தது என்ற எண்) தாமதமாக வரும், ‘லேசான பாசிட்டிவ்’ என்று தோன்றும். அதனால் நல்ல லேப்கள் ப்ரைமரை ஒருமுறை வாங்கி வைத்துவிட்டு சும்மா இருப்பதில்லை. புது ரகங்களின் வரிசை வெளியாகும்போதெல்லாம் தங்கள் ப்ரைமர் அதில் ஒட்டுமா என்று கணினியில் ஒத்துப் பார்ப்பார்கள். கிட் வாங்குகிற லேப் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: இந்த ப்ரைமரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? விற்பனைப் பிரதிநிதி முழிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

இன்னொரு தொல்லை மலம். பித்த உப்பு, மாவுச்சத்து எச்சம் என்று பிசிஆர் நொதியை முடக்குகிற சரக்கெல்லாம் அதில் உண்டு. மூக்குச் சளியில் இவ்வளவு பாடு கிடையாது. அதனால் மாதிரியோடு எம்எஸ்2 என்கிற தீங்கில்லாத பாக்டீரியா வைரஸைத் தெரிந்த அளவில் கலந்து ஓட்டுவார்கள். நோரோவும் வரவில்லை, எம்எஸ்2வும் வரவில்லை என்றால் அது நெகட்டிவ் அல்ல, டெஸ்ட் ஓடவே இல்லை என்று பொருள். ரிப்போர்ட்டில் உள்கட்டுப்பாடு என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

திங்கள்நகர்வாசி

மிக்க நன்றி அக்கா. அந்த வசதி நம் மாவட்டத்தில் உண்டா?

கோதையாறு

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோவிட் நேரத்தில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஆர்டி-பிசிஆர் ஓடியதை நம் மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. மிஷின் வகையில் அதுவே போதும் என்று நினைக்கிறேன். பெட்ரித்தட்டு சொல்லட்டும்.

ஆனால் மக்களே, ஒரு தனி ஆள் டப்பாவோடு போய் நின்று ‘நோரோ பார்த்துத் தாருங்கள்’ என்றால் நடக்காது. வழி வேறு. ஒரே விசேஷத்தில் கலந்தவர்களில் பலருக்கு வந்தது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்ல வேண்டும். அங்கிருந்து மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போகும், நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் பதிவாகும், அவர்கள் மாதிரி எடுத்து அனுப்புவார்கள். கிண்டி கிங் நிலையம் மாதிரிப் பெரிய இடங்களுக்கு அந்த வழியாகப் போனால்தான் மரியாதை.

லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 1982இல் கேப்லன் என்பவர் வகுத்தது. பாதிப் பேருக்கு மேல் வாந்தி, சாப்பிட்டதிலிருந்து நோய் வரச் சராசரி 24 முதல் 48 மணி நேரம், நோய் நீடிப்பது சராசரி 12 முதல் 60 மணி நேரம், கல்ச்சரில் பாக்டீரியா இல்லை. நான்கும் பொருந்தினால் நோரோ என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். நான்கும் பொருந்தியும் நோரோ இல்லாமல் போவது அபூர்வம், அந்த அளவில் 99 சதவீதம் சரி. ஆனால் உண்மையான நோரோ பரவல்களில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது பிடிக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். திங்கள்நகர்வாசி சொன்ன கதை நான்கிலும் உட்காருகிறது.

பாயசமா மீனா என்ற கேள்விக்கு லேப் பதில் சொல்லாது. யார் யார் எதைச் சாப்பிட்டார்கள், அதில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் போட்டால்தான் தெரியும். வராதவர்களையும் கேட்க வேண்டும். அதை யாரும் செய்வதில்லை. சமையல்காரரைத் திட்டுவது சுலபம்.

பெட்ரித்தட்டு

அண்ணாச்சி சொன்னது சரி. மிஷின் அதேதான். தேவை நோரோவுக்கான ப்ரைமர், ப்ரோபு, மலத்துக்கேற்ற ஆர்என்ஏ பிரிப்புக் கிட், கூடவே பாசிட்டிவ் கட்டுப்பாடு (நோரோ இருப்பது முன்பே தெரிந்த மாதிரி). மலத்தோடு பழகிய ஒரு டெக்னீஷியனும் வேண்டும், கிட்டைவிட அவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

மாதிரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் இதில்தான் சறுக்குகிறார்கள். நோய் தொடங்கி மூன்று நாளுக்குள், மலம் தண்ணீராகப் போகும்போதே எடுத்தால் உத்தமம். அப்போது ஒரு கிராமில் நூறு கோடி வைரஸ்கூட இருக்கலாம். பழைய எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஒரு கிராமுக்குப் பத்து லட்சமாவது இருந்தால்தான் கண்ணில் படும், பிசிஆருக்கு அதில் ஒரு துளி போதும். நாள் தாண்டினாலும் ஒரு வாரம், பத்து நாள் வரை முயற்சி செய்யலாம். மூடி இறுகிய சுத்தமான டப்பா. ஃபார்மலின் கூடாது, ஆர்என்ஏ கெட்டுவிடும். பாக்டீரியா கல்ச்சருக்குக் கொடுக்கிற ஊடகத்திலும் போட வேண்டாம், சும்மா மலம் போதும். ஃப்ரிட்ஜில் 4 டிகிரி. ஐஸ் பெட்டியில் அனுப்பலாம். குச்சியில் தொட்டு எடுப்பதைவிட டப்பாவில் பிடிப்பது மேல். மலம் கிடைக்காவிட்டால் வாந்தியையும் பார்க்கலாம்.

ஒரே ஒருவரிடம் எடுத்து அனுப்பாதீர்கள். ஐந்து பேரிடமாவது எடுங்கள். அதில் இரண்டு பேருக்கு வந்தாலே பரவல் நோரோ என்று உறுதி செய்துவிடலாம்.

திங்கள்நகர்வாசி

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசினேன். கடைசியாகப் படுத்தவர்களிடம் மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டியலும் கேட்டார்கள். என் மாமா மட்டும் ‘நான் மூன்று பந்தியிலும் கை நனைத்தேன், எனக்கு ஒரு மண்ணும் இல்லை, எல்லாம் உங்கள் மனப்பிராந்தி’ என்று சுகாதார ஆய்வாளரிடமே வாதாடினார்.

பாதி_பிஹெச்டி

மாமாவுக்கு அது பிறவி அதிர்ஷ்டமாக இருக்கலாம். நோரோ குடலில் ஒட்டிக்கொள்வது ரத்தவகைச் சர்க்கரைகளில். எஃப்யூடி2 என்ற மரபணு வேலை செய்யாதவர்களின் குடல் பரப்பில் அந்தச் சர்க்கரை வெளிப்படாது, அதனால் பல நோரோ ரகங்கள் அவர்களிடம் ஒட்டுவதில்லை. ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவர் அப்படி. எல்லா ரகத்துக்கும் அந்தக் காப்பு செல்லாது, எனவே மாமா அடுத்த கல்யாணத்திலும் துணிந்து மூன்று பந்தி உட்கார வேண்டாம்.

மார்த்தாண்டம்_மைனி

ஒரு தனியார் லேபில் ‘ஜிஐ பேனல்’ என்று ஒன்று இருக்கிறதாம், ஒரே டப்பாவில் இருபதுக்கு மேல் கிருமி பார்ப்பார்களாம். அதை எடுத்துவிட்டால் நோரோ, ரோட்டா, ஆஸ்ட்ரோ, சாப்போ என்று வாந்தி பேதி வைரஸ் எல்லாமே தெரிந்துவிடுமே? இவ்வளவு சுற்று எதற்கு?

பெட்ரித்தட்டு

பேனல் நல்ல கருவிதான். ஐசியூவில் இருப்பவருக்கு, உறுப்பு மாற்றுச் சிகிச்சை முடிந்தவருக்கு, வாரக்கணக்கில் போக்கு நிற்காதவருக்கு அது கைகொடுக்கும். எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் உடம்பில் நோரோ மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடும், அங்கே காரணம் தெரிந்தே ஆக வேண்டும். இரண்டு நாளில் சரியாகிற வாந்திக்குப் பேனல் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இந்த இடத்தில்தான் சாயாக்கடை அண்ணனோடு கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. பாசிட்டிவ் வந்துவிட்டாலே அதுதான் காரணம் என்று ஆகாது. நோய் தீர்ந்த பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ வைரஸ் மலத்தில் போகும். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களிடமும் இருக்கும். வேலூர் உட்பட எட்டு இடங்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த மால்-எட் ஆய்வில், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் ஒருமுறையாவது நோரோ வந்துபோயிருந்தது. நம் ஊர்க் குழந்தையின் மலத்தைப் பேனலில் போட்டால் மூன்று நான்கு கிருமி சேர்ந்து வருவது சாதாரணம். எது குற்றவாளி, எது வேடிக்கை பார்த்தது? சிடி மதிப்பு ஓரளவு உதவும், குறைவாக இருந்தால் வைரஸ் நிறைய. ஆனால் ‘இத்தனைக்குக் கீழே என்றால் நோய்’ என்று எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு கோடு கிடையாது.

பாதி_பிஹெச்டி

இங்கே எனக்கு அக்காவோடு ஒரு வழக்கு உண்டு. ப்ரைமர் ஒட்டுமா ஒட்டாதா என்று பயந்துகொண்டே இருப்பதற்கு, மாதிரியில் உள்ள எல்லா ஆர்என்ஏவையும் நேரடியாக வரிசைப்படுத்திவிடலாமே. நானோபோர் என்கிற வரிசைப்படுத்தும் மிஷின் கைக்கு அடக்கமாக வந்துவிட்டது. எந்த ரகமும் தப்பாது, புது ரகம் வந்தாலும் அன்றைக்கே தெரியும்.

பெட்ரித்தட்டு

தம்பி, மலத்தில் இருக்கிற மரபுப்பொருளில் பெரும்பங்கு பாக்டீரியாவுடையது. எல்லாவற்றையும் வாசித்தால் காசு கொடுத்து ஈகோலையின் வாழ்க்கை வரலாற்றைப் படிப்பாய், நோரோ கடைசி அத்தியாயத்தில் இரண்டு வரி வரும். வைரஸ் குறைவாக உள்ள மாதிரியில் அதுவும் வராது. பிசிஆரில் பாசிட்டிவ் வந்ததை எடுத்து, பாலிமரேஸ் முடிவிலிருந்து ஓட்டின் தொடக்கம் வரை சுமார் ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்தைப் பெருக்கி, சாங்கர் முறையில் வரிசைப்படுத்தினால் இரட்டைப் பெயரும் கிடைத்துவிடுகிறதே. வரிசையை இணையத்தில் உள்ள வகைப்படுத்தும் கருவியில் ஒட்டினால் பதில் வந்துவிடும். மாவட்ட அளவுக்கு இது தாராளம்.

பாதி_பிஹெச்டி

பிசிஆரில் பாசிட்டிவ் வந்ததைத்தான் வரிசைப்படுத்துகிறீர்கள். பிசிஆரில் தப்பியது கடைசிவரை தப்பியதுதானே அக்கா? ககேயாமா ப்ரைமருக்கு ஒட்டாத ரகத்தை அதே ப்ரைமரால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பெட்ரித்தட்டு

அது நியாயம். கேப்லன் கணக்கு நான்கும் பொருந்தி, மாதிரியும் நேரத்தில் எடுத்து, எம்எஸ்2வும் ஒழுங்காக வந்து, ஐந்து பேருக்கும் நெகட்டிவ் என்றால், அந்த டப்பாக்களை மைனஸ் 70இல் பத்திரப்படுத்தி உன் மிஷினுக்குத் தரலாம். முதலில் சாப்போ, ஆஸ்ட்ரோ, அடினோ 40, 41 வைரஸ்களைப் பார்த்த பிறகு. எல்லாருக்கும் முதல் டெஸ்டாக அல்ல.

பாதி_பிஹெச்டி

அரைச் சம்மதம்.

சாயாக்கடை

எல்லாம் சரி, என் முதல் கேள்வி அப்படியே கிடக்கிறது. மருந்தில்லாத நோய்க்கு இவ்வளவு பாடு எதற்கு?

கோதையாறு

நோயாளிக்கு மருந்தில்லை சாயாக்கடை, ஊருக்கு மருந்துண்டு. நோரோ என்று தெரிந்தால் செய்ய வேண்டியவை மாறும். சமையல்கட்டில் யாருக்காவது வாந்தி பேதி வந்ததா என்று கேட்டு, நின்ற பிறகும் குறைந்தது இரண்டு நாள் அவரை அடுப்படிக்கு விடக் கூடாது. சானிடைசர் தேய்த்தால் போதும் என்று இருக்க முடியாது, நோரோவுக்கு ஆல்கஹால் பெரிதாக உறைக்காது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாந்தி எடுத்த தரையைத் துடைத்துவிட்டு ப்ளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்ற வேண்டும். பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் லிட்டருக்கு 15 கிராம் போட்டால் 4500 பிபிஎம் வரும், அது போதும். திறந்து வைத்த பழைய பவுடரில் அந்தச் சத்து இருக்காது. இதுவே பாக்டீரியா நஞ்சு என்றால் உணவை எத்தனை மணி நேரம் வெளியே வைத்தார்கள் என்று விசாரிப்பேன். காலரா என்றால் ஊர்க் கிணறு முழுக்க ஓட வேண்டியிருக்கும். கிருமி தெரியாமல் மூன்று வேலையையும் அரைகுறையாகச் செய்வதுதான் நடக்கிறது.

பதினெட்டு வைரஸ் உள்ளே போனாலே நோய் வர வாய்ப்புண்டு என்று ஒரு கணக்கு இருக்கிறது. விடுதி, முதியோர் இல்லம், அங்கன்வாடி என்றால் விளையாட்டில்லை.

எல்லைக்காரன்

கிணறு என்றதும் கேட்கிறேன். பஞ்சாயத்தில் வெள்ளம் சோதிக்கச் சின்னப் பாட்டில் கொடுப்பார்களே, கறுத்தால் கெட்ட வெள்ளம் என்று. அதில் நோரோ தெரியுமா?

பெட்ரித்தட்டு

தெரியாது. அது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கும் பாக்டீரியாவைக் காட்டுவது. கறுத்தால் மலம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், கிணற்றைக் கவனியுங்கள். கறுக்காவிட்டால் வைரஸ் இல்லை என்று அர்த்தமில்லை. வெள்ளத்தில் வைரஸ் தேட வேண்டுமானால் லிட்டர் கணக்கில் வடிகட்டி, செறிவாக்கி, அப்புறம் பிசிஆர். சின்னப் பாட்டில் வேலை இல்லை.

கடியபட்டணம்_பையன்

இழையை இப்போதுதான் முழுக்க வாசித்தேன். வெளிநாட்டில் சிப்பி தின்று நோரோ வந்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. நாங்கள் பாறையில் முங்கி எடுக்கிற சிப்பி அப்படியா? வீட்டில் அம்மா இதைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். சீசன் நேரத்தில் வியாபாரத்தில் கை வைத்துவிடாதீர்கள்.

பெட்ரித்தட்டு

வியாபாரத்தில் கை வைக்கவில்லை தம்பி. அங்கே வில்லங்கம் பச்சையாக விழுங்குகிற ஆளி (ஆய்ஸ்டர்) வகையில். சிப்பி, ஆளி எல்லாம் கடல் வெள்ளத்தை வடிகட்டித் தின்கிறவை, சாக்கடை கலக்கும் இடத்தில் இருந்தால் நோரோ அவற்றின் செரிமானச் சுரப்பியில் சேரும். சுத்தமான வெள்ளத்தில் போட்டு வைத்தால் ஈகோலை சீக்கிரம் வெளியேறிவிடும், நோரோ அவ்வளவு லேசில் போகாது. அதனால் ஈகோலை கணக்கு நன்றாக இருக்கிறது என்று சிப்பிக்கு நற்சான்று கொடுக்க முடியாது. இதற்கென்றே ஐஎஸ்ஓ 15216 என்று ஒரு முறை இருக்கிறது. செரிமானச் சுரப்பியை மட்டும் அறுத்தெடுத்து, நொதியில் கரைத்து, ஆர்என்ஏ பிரித்து, ஜி1க்கும் ஜி2க்கும் தனித்தனியே பிசிஆர். கிராமுக்கு இத்தனை மரபுப் பிரதிகள் என்று எண்ணாக வரும். ஆனால் செத்த வைரஸின் ஆர்என்ஏவும் அந்த எண்ணில் சேர்ந்துவிடும், அதுதான் அந்த முறையின் குறை.

உங்கள் அம்மா சிப்பியை எப்படிச் சமைப்பார்கள்?

கடியபட்டணம்_பையன்

அவித்து, ஓடு நீக்கி, மசாலா போட்டு வறுப்பார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் ஓடு திறந்தவுடனே எடுத்துத் தாருங்கள், மெத்தென்று இருக்கும் என்பார்கள்.

பெட்ரித்தட்டு

ஓடு திறப்பது போதாது, அது வேகுவதற்கு முன்னமே திறந்துவிடும். உள்சதை 90 டிகிரிக்கு வந்து ஒன்றரை நிமிஷம் நிற்க வேண்டும். அவித்து வறுக்கிற உங்கள் வீட்டு முறையில் அது தாராளமாக நடக்கிறது. அறுத்து சுத்தம் செய்த பலகையையும் கத்தியையும் கழுவாமல் அதிலேயே வெங்காயம் நறுக்காமல் இருந்தால் சரி. வெளியூர்க்காரர்களுக்கும் வறுத்ததையே கொடுங்கள்.